கத்தி வச்சிருந்தா ரவுடியாய்யா?

மக்களே, ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். ஆனா வயித்தெரிச்சல் அதைவிட அதிகமாயிட்டதால இன்னைக்கு உக்காந்துட்டேன். பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

விஷயம் இதுதான். ரெண்டு மாசம் முன்னாடி ஆபீஸ்ல எங்க டீமுக்கு ஒரு பார்சல் வந்துச்சு. உள்ள இருந்தது ஒரே ஒரு கீபோர்டு. அதுக்கு அனுப்பினவன் புண்ணியத்துல ஒரு ரோல் டேப்பு சுத்தியிருந்தது. ஒருத்தன் பைக் சாவியால குத்திப் பாத்தான். இன்னொருத்தன் பல்லால கடிச்சான். மூணாவது ஆளு பால்பாயிண்ட் பேனாவை வச்சு இழுத்து, பேனா உடைஞ்சு மை கையெல்லாம். நாலு இஞ்சினியருங்க, ஒரு அட்டைப்பெட்டி. நான் பாவம் பாத்து பாக்கெட்ல இருந்த சின்ன மடக்குக்கத்தியை எடுத்து ஒரு கோடு போட்டேன். அஞ்சு செகண்டு. முடிஞ்சது.

நன்றி சொல்வாங்கன்னு பாத்தா, சுத்தி ஒரே நிசப்தம். "டேய், என்னடா கத்தியெல்லாம் வச்சிருக்க? எந்த ஏரியா ரவுடி நீ?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சாயங்காலம் செக்யூரிட்டில கூப்பிட்டு, "சார், கம்ப்ளைண்ட் வந்திருக்கு, இனிமே கொண்டு வராதீங்க"ன்னு பணிவா சொன்னார். ஆபீஸ் அவங்க இடம், ரூலு அவங்க ரூலு. நானும் சரின்னுட்டேன். வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ்லதான் குடித்தனம்ங்கறதால அன்னையில இருந்து கத்தி வீட்டு மேசை டிராயர்லயே கிடந்துச்சு.

அதுல என்ன பெரிய வயித்தெரிச்சல்னு கேக்கறீங்களா? வர்றேன். அதுக்கு முன்னாடி எங்க தாத்தாவைப் பத்தி கொஞ்சம்.

*

தாத்தாவோட சுருக்குப்பையில நாலு சாமான் எப்பவும் இருக்கும். வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, பித்தளைப் பிடி போட்ட பேனாக்கத்தி. பாக்கு சீவ அந்தக் கத்திதான். மாட்டுக் கயிறு முறுக்கிக்கிட்டா அறுக்க அந்தக் கத்திதான். முருங்கைக் கொப்பு வெட்ட, கால்ல தச்ச கருவேல முள்ளைக் கீறி எடுக்க, எனக்குப் பென்சில் சீவ, எல்லாத்துக்கும் அதே கத்தி. தேய்ஞ்சு தேய்ஞ்சு பிளேடு வாழைப்பூ மடல் மாதிரி ஒல்லியா ஆயிடுச்சு. ஊர்ல ஒருத்தர் அவரை ரவுடின்னு சொன்னதில்ல. சொல்லப்போனா வீட்டுல ஏதாவது விசேஷம்னா, "பெரியவர்கிட்ட கத்தி இருக்கும், வாங்கிட்டு வா"ன்னு ஆள் அனுப்புவாங்க.

பேனாக்கத்திங்கற பேரையே கவனிங்க மக்களே. இறகுப் பேனாவைச் சீவறதுக்காக வந்த கத்தி அது. எழுதறவன் பையில இருந்த சாமான். எழுதறவங்க நாம, அதைப் பாத்து இன்னைக்கு அலர்றோம்!

சுவிஸ் ராணுவத்துக் கதையைக் கேட்டா இன்னும் சிரிப்பா இருக்கும். 1891ல சிப்பாய்களுக்குன்னு கொடுக்க ஆரம்பிச்ச மடக்குக்கத்தியில என்னென்ன இருந்துச்சு? ஒரு பிளேடு, ஒரு குத்தூசி, டப்பா திறக்க ஒண்ணு, ஒரு திருப்புளி. அவ்வளவுதான். டப்பாவுல அடைச்ச சாப்பாட்டைத் திறக்கணும், அப்போ புதுசா வந்திருந்த துப்பாக்கியைப் பிரிச்சு மாட்டணும். அதுக்காக ஒரு கத்தி. போர்க்களத்துக்குப் போறவனுக்கே மடக்குக்கத்தி டப்பா திறக்கத்தான்யா!

*

இப்ப சண்டைக்கு வர்றேன். கத்தி விஷயத்துல நம்ம ஊர்ல ரெண்டு கூட்டம் இருக்கு. முதல் கூட்டம் கத்தியைப் பாத்தாலே கையை மேல தூக்கற கூட்டம்.

இவங்க வீட்டு அடுப்படியில அருவாமனை இருக்கும். எட்டு அங்குலத்துல காய் வெட்டற கத்தி இருக்கும். அதெல்லாம் சாமான். அதே இரும்பு, மூணு அங்குலத்துல மடிச்சு பாக்கெட்ல இருந்தா ஆயுதம். இது என்ன லாஜிக்குன்னு நானும் பலவிதமா டீபக் பண்ணிப் பாத்துட்டேன், பிடிபடலை. கடைசியில எனக்குத் தோணினது, இவங்க கத்தியை அறிஞ்சது கையால இல்ல, சினிமாவால. திருப்பாச்சேத்தின்னதும் நமக்கு ஞாபகம் வர்றது எது? அருவா. அந்த அருவா வயல்லயும் தோப்புலயும் என்ன வேலை பாக்குதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

சட்டம் என்ன சொல்லுதுன்னு பாப்போம். (நான் வக்கீல் இல்ல, பொட்டி தட்டறவன்.) 2016ம் வருஷத்து ஆயுத விதிகள்ல கத்திகளுக்கு ஒரு அளவு சொல்லியிருக்காங்க. பிளேடு 9 அங்குலத்துக்கு மேல நீளம், இல்லன்னா 2 அங்குலத்துக்கு மேல அகலம். அதுலயும் வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் இதுக்காகச் செஞ்சதுன்னா விலக்கு. என் பாக்கெட் கத்தி இந்த அளவுல மூணுல ஒரு பங்குகூட வராது. இதைச் சொன்னா, விமானத்துல கையோட கொண்டு போகலாமான்னு மடக்கறாங்க. கூடாது. கோர்ட்டுக்கு? கூடாது. கூட்ட நெரிசல், குடிச்சிட்டு நிக்கற இடம், சண்டை நடக்கற இடம்? அங்கெல்லாம் கத்தியோட நிக்கறவன் முட்டாள். எங்கே எடுத்துட்டுப் போகக்கூடாதுங்கறது தெரிஞ்சவன்தான் கத்தி வச்சுக்கத் தகுதியானவன்.

"ஊர்ல தினம் கத்திக்குத்து நடக்குதே, அதுக்கு என்ன சொல்ற?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி, தள்ளிவிட மாட்டேன். குத்தறவனுக்கு அடுப்படிக் கத்தி போதும், உடைஞ்ச பாட்டில் போதும். என் பாக்கெட்டைக் காலி பண்ணினதால அவன் கை காலியாகப் போறதில்ல. காலியாகறது பாக்கு சீவறவன் கையும் பென்சில் சீவறவன் கையும்தான்.

ஜப்பான்ல இது நடந்தே இருக்கு. ஹிகோனோகாமின்னு ஒரு சின்ன மடக்குக்கத்தி. ஹியோகோ மாகாணத்துல மிக்கிங்கற ஊர்ல 1890கள்ல பிறந்தது. ஒரு தகட்டை மடிச்சுப் பிடி, ஒரு பிளேடு, ஒரு ஆணி. பள்ளிக்கூடப் பசங்க பையில வச்சுப் பென்சில் சீவுவாங்க, மரத்துல பொம்மை செதுக்குவாங்க. 1960 அக்டோபர்ல சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசனுமா இனெஜிரோவை மேடையிலயே 17 வயசுப் பையன் ஒருத்தன் குத்திக் கொன்னான். கொன்னது குட்டை வாள், இந்தக் கத்தி இல்ல. ஆனா அதுக்கப்புறம் பசங்க கையில கூரானது எதுவும் இருக்கக்கூடாதுன்னு ஒரு இயக்கமே நடந்துச்சு. பென்சில் சீவற மெஷினும் சேர்ந்துக்கிச்சு. ஒரு காலத்துல பல பட்டறைகள் செஞ்ச அந்தக் கத்தியை இன்னைக்கு அந்தப் பேர்ல செய்யற பட்டறை ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம்.

சுவிஸ் கத்தி செய்யற விக்டோரினாக்ஸ் கம்பெனித் தலைவரே 2024ல என்ன சொன்னார் தெரியுமா? பல நாடுகள்ல சட்டம் இறுகிட்டே போறதால, பிளேடே இல்லாத பாக்கெட் கருவி ஒண்ணை உருவாக்கிட்டு இருக்கோம்னார். கத்தி இல்லாத கத்தி. அடுத்து சக்கரமில்லாத சைக்கிள் வரும், காத்திருங்க.

*

சரி, முதல் கூட்டத்துக்குக் கிழிச்சாச்சு. ரெண்டாவது கூட்டத்துக்காரங்க "சபாஷ்"னு கைதட்டிக்கிட்டு இருப்பீங்க. நிறுத்துங்க. உங்களுக்குத்தான் அடுத்த பூசை :-)

ரெண்டாவது கூட்டம், கத்தியைக் கும்பிடற கூட்டம். என் காலேஜ் நண்பன் ஒருத்தன் இருக்கான், பேரு வேணாம். அவன்கிட்ட 14 மடக்குக்கத்தி இருக்கு. ஸ்பாஞ்சு வச்ச பெட்டியில, ஒவ்வொண்ணுக்கும் தனிக் குழி. அவன்கிட்ட போன் பேசினா முதல் நிமிஷத்துலயே ஸ்டீல் பேரு வந்துடும். "மச்சி, மேக்னாகட்டுடா, 62 ராக்வெல்டா." போன தீபாவளிக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா கொய்யாப்பழம் கொண்டு வந்து வச்சாங்க. "டேய், உன் கத்தில ஒண்ணைக் கொடு, வெட்டலாம்"னேன். அவன் எழுந்து போய் எடுத்துட்டு வந்தது என்ன தெரியுமா?

அடுப்படிக் கத்தி!

"இல்லடா, அதுல கறை பட்டுடும்."

14 கத்திய்யா. ஒரு கொய்யாப்பழம் வெட்ட ஒண்ணு இல்ல. தாத்தா இருந்திருந்தா வெத்தலைச் சாறைத் துப்பிட்டு எழுந்து போயிருப்பார்.

மேக்னாகட் மட்டமான ஸ்டீல்னு நான் சொல்லலை. லாரின் தாமஸ்ங்கற உலோகவியல்காரர் உருவாக்கி 2021ல வெளிவந்தது, அருமையான சமாச்சாரம். ஸ்டீல்ல மூணு விஷயம் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டே இருக்கும். கூர் நீடிக்கணும், சட்டுனு முனை உடையக்கூடாது, துரு பிடிக்கக்கூடாது. ஒண்ணைக் கூட்டினா வழக்கமா இன்னொண்ணு குறையும். அந்த மூணுக்கும் நல்லபடியா சமரசம் பண்ணி வச்சதுதான் அந்த ஆளோட சாதனை. ஆனா பார்சல் டேப்புக்கும் கொய்யாப்பழத்துக்கும் அது ராக்கெட்ல ரேஷன் கடைக்குப் போற மாதிரி. விக்டோரினாக்ஸ் பிளேடு 56 ராக்வெல் பக்கம்தான் இருக்கும். அதான் அதைத் தீட்டறது சுலபம். அஞ்சு நிமிஷத்துல பழைய கூர் திரும்ப வந்துடும். அது குறை இல்லய்யா, வசதி.

நானும் யோக்கியன் இல்ல. வேலைக்குச் சேர்ந்த புதுசுல நெட்ல ஒரு கத்தி வாங்கினேன். கம்பெனி பேரெல்லாம் சொல்லி விளம்பரம் கொடுக்கப் போறதில்ல. கறுப்பு பெயிண்டு, ரம்பப் பல்லு, கண்ணாடி உடைக்கற முனை, பிடியில ஒரு திசைகாட்டி. ராம்போ ரேஞ்சு. ஊர்ல புடலைப் பந்தலுக்கு மூங்கில் சீவும்போது லாக் விட்டுடுச்சு, பிளேடு அப்படியே மடங்கி ஆட்காட்டி விரல்ல. மூணு தையல். ஒரு மாசம் ஒத்தை விரலை நீட்டிக்கிட்டே டைப் அடிச்சேன். ஊருக்கெல்லாம் பயம் காட்டற மாதிரி இருந்த கத்தி, கடைசியில வெட்டினது என்னை மட்டும்தான்.

இந்தக் கூட்டத்துலயே இன்னொரு ரகம் உண்டு. "தற்காப்புக்குத்தான் வச்சிருக்கேன்." அய்யா சாமிகளா, கையெடுத்துக் கும்பிடறேன், இதை மட்டும் செய்யாதீங்க. கத்தியை நீட்டணும்னா எதிராளி கை எட்டற தூரத்துல நிக்கணும். அவன் பிடுங்கினா நீங்க காலி. நீங்க குத்தினா உங்க வாழ்க்கை காலி. வம்புன்னு வந்தா ஓடுங்க. கத்தியைவிடக் காலு நம்பகமானது. ஆயுதம்னு நெனச்சு ஒரு கத்தி வாங்கறதா இருந்தா, தயவுசெஞ்சு வாங்காதீங்க.

அலர்றவனும் சரி, கும்பிடறவனும் சரி, ரெண்டு பேரும் செய்யறது ஒரே தப்பு. ரெண்டு பேர் கண்ணுக்கும் அது ஆயுதம். ஒருத்தன் அதைப் பாத்து நடுங்கறான், இன்னொருத்தன் அதைக் காட்டி நெஞ்சை நிமித்தறான். அது சாமான்யா. ஸ்பூன் மாதிரி, குடை மாதிரி, ரப்பர் செருப்பு மாதிரி.

*

என்கிட்ட இப்ப இருக்கறது மூணு. மூணும் தினம் உழைக்கற ஜாதி.

ஒண்ணு, விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன். மடிச்சா 91 மில்லிமீட்டர். ஒயின் பாட்டில் கார்க் திருகி நமக்கெதுக்குன்னு முதல்ல நெனச்சேன். இறுகிப்போன கயித்து முடிச்சை அவுக்க அதைவிட உசத்தியான சாமான் கிடையாது. முடிச்சுக்குள்ள விட்டு ஒரு இழு, அவ்வளவுதான். முள் எடுக்கற குட்டி இடுக்கி வீட்டுல என்னைவிட அம்மாதான் அதிகமா கேப்பாங்க.

ரெண்டு, ஒப்பினெல் எட்டாம் நம்பர். பிரான்சுல சவாய் மலைப்பக்கத்துக் கத்தி, 1890ல இருந்து செய்யறாங்க. பீச் மரப் பிடி, 8.5 சென்டிமீட்டர் பிளேடு. 1955ல சேர்த்த வளையம் ஒண்ணு திருகினா பூட்டிக்கும். பிளேடு கனம் 2 மில்லிமீட்டர்கூட இல்லாததால தக்காளியில வெண்ணெய் மாதிரி இறங்கும். என்னோடது கார்பன் ஸ்டீல். மாங்காய் வெட்டின அன்னைக்கே கருத்துடும், துடைக்காம வச்சா துரு வரும். மரம்னா மரம்தான், மழைக்காலத்துல உப்பி பிளேடு திறக்க அடம் பிடிக்கும். பிடியோட பின்முனையை மேசையில ஒரு தட்டு தட்டினா பிளேடு எட்டிப் பாக்கும். சவாய்க்காரங்க பழைய வித்தை அது.

மூணு, சுவீடன் மோரா கம்பேனியன். மடக்கற கத்தி இல்ல, உறையில போடறது. ஊர்த் தோட்டத்துலயே இருக்கும். மூங்கில் சீவ, குச்சி கூராக்க, பனங்கிழங்கு நார் உரிக்க. மடங்கற கீலே இல்லாததால விரலை நறுக்க வழியும் இல்ல. அந்த மூணு தையல் சொல்லிக் கொடுத்த பாடம் :-)

எதை வாங்கினாலும் பாதி விஷயம் தீட்டறதுல இருக்கு. கூரான கத்தியைவிட மழுங்கின கத்திதான் ஆபத்து. மழுங்கினதை அமுக்கணும், அமுக்கினா வழுக்கும், வழுக்கினா விரல். எங்க ஆச்சி ஊறுகாய் ஜாடியைக் கவுத்து, அடியில மெருகு இல்லாத விளிம்புல கத்தியை நாலு இழு இழுப்பாங்க. அதே வேலைதான், நான் சாணைக்கல்லுல செய்யறேன். கோணம் தெரியலன்னா ஒரு பேப்பரோட மூலையை ரெண்டு தடவை மடிங்க. 90, 45, அப்புறம் 22.5. அதுக்குக் கொஞ்சம் கம்மியா சாய்ச்சுப் பிடிங்க. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் பிசிர் தட்டுப்படும். அப்புறம் திருப்பிப் போடுங்க. கடைசியில பழைய தோல் பெல்ட்ல பின்னோக்கி பத்து இழுப்பு. போதும்.

*

இப்ப அந்த வயித்தெரிச்சல்.

கத்தியை டிராயர்ல போட்ட மூணாவது வாரம். சாயங்காலம் ஏழு மணி இருக்கும், சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டி நடந்து வர்றேன். முன்னாடி போன பைக் தடுமாறி சாஞ்சுது. பின்னாடி உக்காந்திருந்த பொண்ணோட துப்பட்டா பின்சக்கரத்துல சுத்தி, கழுத்தை இறுக்கிப் பிடிச்சிருக்கு. தலை சக்கரத்துக்குப் பக்கத்துல. சத்தம்கூட வரலை அந்தப் பொண்ணுக்கு.

பத்துப் பதினஞ்சு பேர் ஓடினோம். ஒருத்தர் சக்கரத்தைப் பின்னால உருட்டப் பாக்கறார், நகரலை. ரெண்டு பேர் துணியைக் கிழிக்கப் பாக்கறாங்க, கிழியலை. யாரோ "கத்தி, கத்தி"ன்னு கத்தறாங்க. என் கை தானா பாக்கெட்டுக்குப் போச்சு. உள்ள சாவியும் ஐடி கார்டும் இருந்துச்சு.

அத்தனை பேர்ல, அத்தனை படிச்ச பாக்கெட்டுல, ஒரு பிளேடு இல்லய்யா.

பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல பூ விக்கற அம்மா ஓடி வந்தாங்க. கையில வாழைநார் அறுக்கற சின்னக் கத்தி. "தள்ளிப் போங்கப்பா"ன்னு ஒரு அதட்டு. துப்பட்டாவுக்கும் கழுத்துக்கும் நடுவுல ஒரு விரலை விட்டு, துணியை வெளிப்பக்கமா இழுத்து அறுத்தாங்க. உடனே அறுபடலை. நாலஞ்சு தடவை இழுக்க வேண்டியிருந்துச்சு. அந்த நாலஞ்சு இழுப்பு எனக்கு இன்னும் கனவுல வருது. துணி விட்டதும் அந்தப் பொண்ணு இருமி, மூச்சு வாங்கி, அழ ஆரம்பிச்சுது. அந்த அழுகையைக் கேட்டப்ப வந்த நிம்மதி இருக்கே!

எல்லாம் முடிஞ்சு கூட்டம் கலைஞ்சப்புறம் அந்தம்மா கத்தியை முந்தானையில துடைச்சுக்கிட்டே சொன்னாங்க, "முனை மழுங்கிப் போச்சு தம்பி, அதான் லேட்டாயிடுச்சு. முன்னெல்லாம் சாணை பிடிக்கறவரு சைக்கிள்ல வருவாரு. இப்ப யாரு வர்றா?"

மறுநாள் சாணைக்கல்லைப் பையில போட்டுக்கிட்டு அங்க போனேன். படிக்கட்டுல உக்காந்து அவங்க கத்தியைத் தீட்டிக் கொடுத்தேன். நாரு மேல வச்சுப் பாத்துட்டு, "அய்யோ, விரலை வெட்டிக்கப் போறேன் போ"ன்னு திட்டினாங்க. காசு வாங்கினாதான் சும்மா விடுவேன்னு சொல்லி, நான் மறுத்ததும் ரெண்டு முழம் மல்லியைக் கையில திணிச்சாங்க. கல்யாணமாகாதவனுக்கு மல்லி எதுக்கு? தெருமுனைப் பிள்ளையாருக்குப் போட்டுட்டு வந்தேன். இப்ப மாசம் ஒரு தடவை போறேன். பக்கத்துல செருப்பு தைக்கிறவரும் தோல் அறுக்கற கத்தியைக் கொடுத்துடறார்.

கத்தி திரும்ப என் பையில ஏறியாச்சு. ஆபீஸ் வாசல்ல செக்யூரிட்டி அண்ணன்கிட்ட கொடுத்துடறேன், சாயங்காலம் வாங்கிக்கறேன். முதல் நாள் முறைச்சார். போன வாரம், "தம்பி, இந்த டேப்பைக் கொஞ்சம் வெட்டிக் கொடுத்துட்டுப் போங்க"ன்னார் :-)

டிஸ்கி: துப்பட்டா, சேலை முந்தானை கட்டிக்கிட்டு பைக்ல போற சகோதரிகளே, நுனியை இழுத்து முன்பக்கம் சொருகி முடிச்சுப் போட்டுட்டு ஏறுங்க. ஓட்டற அண்ணன்மாரே, சக்கரத்துக்கு சேலை கார்டு இல்லன்னா இன்னைக்கே மாட்டுங்க.

பி.கு: உங்க வீட்டுத் தாத்தா கத்தி என்னாச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. துரு பிடிச்சு எங்கயாவது கிடந்தா எடுத்துத் தீட்டுங்க. முதல்ல ஒரு கொய்யாப்பழம் வெட்டுங்க. திட்டறதுன்னாலும் திட்டுங்க, ஆனா சும்மா போகாதீங்க.